ஐஸ்லாந்துக்குக் கிளம்புமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகத் திட்டமிட்டு, பெரும்பாலும் வாடகைக் காரில் சுற்றப்போகிறவர்களுக்கான பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் இரண்டு மணி நேரம் என்று காட்டும் தூரம், காற்றடிக்கும் நாளில் நான்கு மணி நேரமாகும். சில நாட்களில் சாலையையே திறக்கமாட்டார்கள். கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

எந்த மாதம் போகலாம்?

எதைப் பார்க்க ஆசை என்று முதலில் தீர்மானியுங்கள். நாட்டைச் சுற்றி வரவேண்டும், நடுவிலுள்ள மலைநாட்டுக்குள் போகவேண்டும் என்றால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. பஃபின் பறவைகள் மே மாதம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் கரையில் இருக்கும். அதன்பின் கடலுக்குப் போய்விடும். வடதுருவ ஒளிக்கு இருட்டு வேண்டும், ஆகவே ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. ஜூன் 21 வாக்கில் தலைநகர் ரேக்யவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து மூன்று மணியளவில் எழுந்துவிடும். நடுவிலும் இருட்டுவதில்லை. அந்த மாதத்தில் வடதுருவ ஒளி காட்டுவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டிசம்பர் கடைசியில் நிலைமை தலைகீழ். காலை 11:20 வாக்கில் விடிந்து மாலை 3:30-க்கு இருட்டிவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டு இடம் பார்த்தாலே பெரிது.

இரண்டிலும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை செப்டம்பர் முதல் பாதி. முக்கியச் சாலைகள் திறந்திருக்கும், இரவு இருட்டும், கூட்டமும் சற்றுக் குறையும். இலையுதிர்காலப் புயல்கள் அப்போதுதான் தலைகாட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விசா எப்படி?

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் உண்டு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் சுற்றுலா விசா எடுக்கவேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிடவேண்டும். கோடைப் பயணத்துக்கு 15 நாள் கணக்கை நம்பாதீர்கள், நேர்காணல் நேரமே கிடைக்காது. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்கவேண்டும். ஷெங்கனைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகவேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கவேண்டும். மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு.

ஒரே பயணத்தில் பிரான்ஸ், ஐஸ்லாந்து என்று போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். விமானம் மட்டும் பிராங்க்ஃபர்ட் வழியாக மாறுகிறது என்றால் அது கணக்கில் வராது, ஐஸ்லாந்துக்கே விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் சிக்கலாவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்: பயணத் திட்டத்தில் 9 இரவு, அறை முன்பதிவு 8 இரவுக்கு, அல்லது இன்சூரன்ஸ் திரும்பும் நாளுக்கு முந்தின நாளோடு முடிவது. தேதிகளை வரிசையாக எழுதி ஒவ்வொரு காகிதத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரடி விமானம் உண்டா?

இந்தியாவிலிருந்து இல்லை. கோபன்ஹேகன், பிராங்க்ஃபர்ட் போன்ற ஷெங்கன் நகரம் வழியாக மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்கில் நேரே பெட்டி எடுக்கப் போகலாம். கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய எல்லைப் பதிவுமுறை 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் வரிசை நீளும். மாறும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் போதாது, மூன்று மணி நேரம் வையுங்கள். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் இடைவழி விசா விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ளவேண்டும், அது ஷெங்கன் அல்ல.

கெஃப்லாவிக்கிலிருந்து ரேக்யவிக் 50 கி.மீ., முக்கால் மணி நேரம். இரவு முழுக்கப் பறந்து வந்த கையோடு 200 கி.மீ. ஓட்டுவது பெரிய தவறு. முதல் இரவை ரேக்யவிக்கிலோ செல்ஃபோஸிலோ கழியுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

நாட்டைச் சுற்றும் முதலாம் எண் சாலை 1,322 கி.மீ. நீளம். நாளுக்கு 300 என்று வகுத்து ஐந்து நாளில் முடிக்கலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். முடியும், கார்க் கண்ணாடி வழியாக. அருவிக்கு நடக்க ஒரு மணி நேரம், படம் எடுக்க நிற்கும் நேரம், ஆடுகள் சாலையைக் கடக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 200 கி.மீ. தான் நிதானமான அளவு. சுற்றிவர 9 அல்லது 10 நாள் வையுங்கள், அதில் ஒரு நாளை வேலையில்லாத நாளாக விட்டுவையுங்கள். புயல் வந்தால் அந்த நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

தூரங்கள் இப்படி: ரேக்யவிக்கிலிருந்து விக் 187 கி.மீ.; அங்கிருந்து பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி ஏறத்தாழ 190; அடுத்து ஹொப்ன் 80; கிழக்குக் கடற்கழிகளைச் சுற்றி எகில்ஸ்டாதிர் 250 வாக்கில்; மீவாட்ன் ஏரி 165; அகுரேரியிலிருந்து ரேக்யவிக் 388. இந்தக் கடைசித் துண்டு நீளமானது, பார்க்க வேண்டியதும் குறைவு. ஒரே நாளில் ஓட்டித் தள்ளுகிறார்கள், அது நியாயம்தான்.

நான்கைந்து நாள்தான் இருக்கிறது என்றால் சுற்றுவதை மறந்துவிட்டுத் தென்கரையோடு நில்லுங்கள். திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபோஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த 'தங்க வட்டம்' ஒரு நாள். செல்யாலண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகளும் விக் ஊரும் ஒரு நாள். யோகுல்சார்லோன் போய்வர ஒன்றரை நாள். ரேக்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோனுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினால் 750 கி.மீ. ஓட்டம். குளிர்காலத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

அந்த மூன்று இடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. விலகுகின்றன. நடுவில் நிலம் பள்ளமாக இறங்கியிருக்கிறது, அதன் சுவரோரமாகவே நடக்கலாம். 930-ஆம் ஆண்டு முதல் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான ஆல்திங் கூடியது இங்கேதான். கெய்சிரில், அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த பழைய வெந்நீர் ஊற்று பெரும்பாலும் தூங்குகிறது. பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்கூர் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 15–20 மீட்டர் உயரம் பீய்ச்சுகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். குட்ல்ஃபோஸ் இரண்டு படியாக 32 மீட்டர் விழும் அருவி.

கார் ஓட்ட இந்திய உரிமம் போதுமா?

அட்டையில் எல்லாம் ஆங்கில எழுத்தில், புகைப்படத்தோடு, செல்லுபடியாகும் தேதியோடு இருந்தால் பொதுவாக ஏற்கிறார்கள். இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்வது நல்லது, ஓராண்டு செல்லும். அதோடு அசல் உரிமத்தையும் கொண்டுபோகவேண்டும். வாடகை நிறுவனங்கள் சாதாரணக் காருக்கு 20 வயது, பெரிய நான்குசக்கர இயக்க வண்டிக்கு 23 வயது என்று கேட்பது வழக்கம்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். முன்பணம் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள். டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் செல்லாமல், மனைவியின் கார்டும் செல்லாமல், விமான நிலையத்திலேயே நிற்கும் குடும்பங்கள் உண்டு. முன்பதிவின்போதே இதைப் படித்துவிடுங்கள்.

எந்தக் கார், எந்த இன்சூரன்ஸ்?

கோடையில் முதலாம் எண் சாலையோடு நின்றால் சிறிய கார் போதும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நான்குசக்கர இயக்கம் எடுங்கள். ஆணி பதித்த டயர் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை சட்டப்படி அனுமதி; இந்தக் காலத்தில் உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடிப்படை மோதல் காப்பீடு வாடகையிலேயே சேர்ந்திருக்கும், ஆனால் உங்கள் பங்காகக் கட்டவேண்டிய தொகை பெரிதாக இருக்கும். சரளைக்கல் காப்பீட்டைக் கட்டாயம் சேருங்கள்: எதிரே வரும் வண்டி தெறிக்கும் கல் முன்கண்ணாடியில் படுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. மணல்–சாம்பல் காப்பீடு தென்கரைக்குப் போகிறவர்களுக்குத் தேவை. காற்று பலமான நாளில் ஸ்கெய்தாராசாந்துர் போன்ற கருமணல் வெளிகளில் மணல் காரின் பெயிண்டை உரித்து, கண்ணாடியை மங்கலாக்கிவிடும்.

எந்தக் காப்பீடும் பொதுவாக ஏற்காதவை நான்கு: ஆற்றைக் கடக்கும்போது நேரும் சேதம், வண்டியின் அடிப்பகுதிச் சேதம், சாலையைவிட்டு இறங்கி ஓட்டுவது, காற்றில் கதவு பிய்வது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடக்கிறது.

வண்டியை வாங்கும்போது சுற்றிவந்து வீடியோ எடுங்கள், முன்கண்ணாடியின் சின்னப் புள்ளி உட்பட. ஓட்டும் தூரத்துக்கு அரசு வாங்கும் கிலோமீட்டர் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

குளிரைவிடக் காற்றுதான் பயணத்தைக் கெடுக்கிறது. ஐஸ்லாந்தின் வானிலை அறிக்கை காற்றை மணிக்குக் கிலோமீட்டரில் சொல்லாது, நொடிக்கு மீட்டரில் சொல்லும். 3.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 15 என்றால் மணிக்கு 54 கி.மீ.: உயரமான கேம்பர் வேன் ஓட்டுகிறவர்கள் அன்று நின்றுவிடலாம். 20 என்றால் 72 கி.மீ.: சாதாரணக் காரும் வளைவில் தள்ளாடும். 25 என்றால் 90 கி.மீ., அறையைவிட்டுக் கிளம்பாதீர்கள். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. மலையடிவாரத்தில் வீச்சு சராசரியைவிட மிக அதிகமாக வரும், அது பக்கவாட்டில் வரும்.

காரை நிறுத்தும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக வையுங்கள். அப்படி நிறுத்தினால் காற்று கதவை மூடப் பார்க்கும். பின்னாலிருந்து காற்று வந்தால் கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கும், கீல் வளைந்துவிடும், பிறகு கதவு மூடாது. ஒரு சமயத்தில் ஒரு கதவு, இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கவேண்டும். பின்னால் உட்காரும் குழந்தைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

மூன்று இணையதளங்களைத் தினமும் காலையிலும் மதியத்திலும் பாருங்கள். வானிலைக்கு 'வேதுர் டாட் ஐஎஸ்': மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இதில் வரும். சாலை நிலைக்கு 'உம்ஃபெர்தின் டாட் ஐஎஸ்'. பாதுகாப்புக்கு 'சேஃப்டிராவல் டாட் ஐஎஸ்'. கூகுள் மேப்ஸ் நேரத்தைச் சொல்லும். சாலையில் வழுக்குப்பனி இருப்பதைச் சொல்லாது.

சாலை விதிகளில் நமக்குப் பழகாதவை எவை?

வலப்பக்கம் ஓட்டவேண்டும். தார்ச்சாலையில் 90, சரளையில் 80, ஊருக்குள் 50 கி.மீ. வேகம். முகப்பு விளக்கு பகலிலும் எரியவேண்டும். அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டுக்கே வரும்.

'எயின்பிரெய்த் ப்ரூ' என்ற பலகை ஒற்றைவழிப் பாலத்தைக் குறிக்கும். பாலத்துக்கு அருகில் இருப்பவர் முதலில் போவது வழக்கம், சந்தேகம் என்றால் நின்றுவிடுங்கள். 'பிலிந்த்ஹைத்' என்றால் மறுபுறம் தெரியாத மேடு, வேகத்தைக் குறைத்து வலதோரம் ஒட்டிப் போங்கள். 'மால்பிக் எண்தார்' என்றால் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. இந்த இடத்தில் 90-இல் நுழைந்து பிரேக் போடுகிறவர்கள்தான் புரள்கிறார்கள். பலகையைப் பார்த்தவுடன் வேகத்தைக் குறையுங்கள், சரளையில் ஏறியபின் அல்ல. இரட்டைத் தட ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவருக்கே வெளியேறும் முன்னுரிமை. நம் பழக்கத்துக்கு இது புரியாது, ஆகவே வெளித்தடத்தில் இருந்தால் உள்ளே இருப்பவருக்கு விட்டுக்கொடுங்கள்.

படம் எடுக்கச் சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஓரமே கிடையாது.

எஃப் சாலைகள் என்றால் என்ன? போகலாமா?

எண்ணுக்கு முன்னால் எஃப் எழுத்து போட்டவை மலைநாட்டுச் சாலைகள். நான்குசக்கர இயக்க வண்டி சட்டப்படி கட்டாயம். பனி உருகிச் சேறு காய்ந்தபின், ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆண்டுதோறும் தேதி மாறும். ஜூன் 10-க்கு அறை பதிவு செய்துவிட்டு மலைநாட்டிலுள்ள லண்ட்மன்னாலௌகர் போகலாம் என்று எண்ணவேண்டாம்.

பல எஃப் சாலைகளில் பாலம் கிடையாது, ஆற்றுக்குள் இறங்கித்தான் போகவேண்டும். பனியாற்றிலிருந்து வரும் ஆறுகள் வெயில் ஏற ஏற உருகி மதியத்துக்குமேல் பெருகும். காலையில் முழங்கால் அளவு இருந்தது மாலையில் திரும்பும்போது இடுப்பளவு இருக்கும். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலுள்ள க்ரோஸ்ஸௌ ஆறு இதற்குப் பேர்போனது, வாடகை வண்டியோடு அதில் இறங்காதீர்கள். அங்கும் லண்ட்மன்னாலௌகருக்கும் கோடையில் உயரமான பேருந்துகள் போகின்றன. எங்களைக் கேட்டால் முதல்முறை போகிறவர்களுக்கு அதுதான் வழி. சொந்த வண்டியில் லண்ட்மன்னாலௌகர் போவதானால் கோடையில் நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு வேண்டும்.

சாலையைவிட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக்கூடாது, கடும் அபராதம். நிலத்தை மூடியிருக்கும் பாசி நசுங்கினால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். விக்குக்குக் கிழக்கே சாலையின் இருபுறமும் தடித்த பச்சைப் பாசி போர்த்த பாறைவெளி வரும். 1783-இல் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் ஓடி இறுகிய எரிமலைக் குழம்பு அது. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தார்கள்.

எரிமலை வெடித்தால் பயணம் என்ன ஆகும்?

எந்த வகை வெடிப்பு என்பதைப் பொறுத்தது. 2010-இல் வெடித்த எய்யாஃபியட்லயோகுட்ல் எரிமலை பனிக்கவிகைக்கு அடியில் இருந்தது. குழம்பு பனிநீரைத் தொட்டதும் நுண்ணிய சாம்பலாகச் சிதறி வானில் ஏறி, ஐரோப்பாவின் விமானங்களை ஒரு வாரம் முடக்கியது. ரேக்யனெஸ் தீபகற்பத்தில் 2021 மார்ச் 19-இல் தொடங்கியது வேறு வகை. நிலம் பிளந்து குழம்பு வழிகிறது, சாம்பல் மிகக் குறைவு. கெஃப்லாவிக் விமான நிலையம் இதே தீபகற்பத்தில்தான் இருக்கிறது, அங்கே விமானங்கள் வழக்கம்போலப் போய்வருகின்றன.

பாதிப்பு அந்தப் பகுதிக்குத்தான். 2023 நவம்பர் 10-இல் கிரிண்டாவிக் ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. அந்த டிசம்பர் முதல் 2025 ஜூலை வரை அருகிலுள்ள சுந்த்நூக்கூர் பிளவு வரிசை 9 முறை வெடித்தது. அதன் பக்கத்தில் இருக்கும் புளூ லகூன் என்ற வெந்நீர்க் குளம் ஒவ்வொருமுறையும் மூடப்பட்டு மறுபடி திறந்தது. 2024 நவம்பரில் அதன் கார் நிறுத்துமிடத்தைக் குழம்பு மூடிவிட்டது. ஆகவே புளூ லகூனுக்குப் பதிவு செய்யும்போது, மூடினால் பணம் திரும்புமா என்ற விதியைப் படியுங்கள். அதைப் பயணத்தின் கடைசி மணிநேரத்துக்கு வைக்காமல் இருப்பதும் நல்லது.

வெடிப்பைப் பார்க்கப் போவதானால் அதிகாரிகள் திறந்துவிட்ட பாதையில் மட்டும். பள்ளங்களில் தேங்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது. கறுத்து இறுகிய மேலோட்டுக்கு அடியில் குழம்பு ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள்.

கருமணல் கடற்கரை உண்மையிலேயே ஆபத்தா?

ஆம். விக் அருகேயுள்ள ரேனிஸ்ஃபியாராவில் பலர் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். தெற்கே நிலமே இல்லாத திறந்த கடல். அடித்தளம் சட்டென்று ஆழமாகிறது. பத்துப் பதினைந்து சிறிய அலைகளுக்குப் பிறகு திடீரென ஒன்று பல மீட்டர் மேலேறி வந்து, காலடி மணலோடு ஆளை உள்ளே இழுத்துவிடும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இதை நம்பவைப்பது கடினம். இந்தக் கரையில் கால் நனைப்பது என்பதே கிடையாது.

நுழைவில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் கரையில் இறங்காமல் மேட்டிலேயே நில்லுங்கள். விளக்கு எரியாத நாளிலும் ஈரமணலிலிருந்து 30 மீட்டர் தள்ளியே இருங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். யோகுல்சார்லோன் எதிரே பனிக்கட்டிகள் ஒதுங்கும் கரையிலும் இதே கவனம் வேண்டும். அங்கே ஏரியில் மிதக்கும் கட்டிமேல் ஏறுவதும் கூடாது, அது சட்டென்று புரளும்.

பனியாற்றில் நடக்கலாமா? பனிக்குகை?

வழிகாட்டியோடு நடக்கலாம். சோல்ஹெய்மயோகுட்லும் ஸ்காஃப்தாஃபெட்லும் தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். கால்முள், தலைக்கவசம் அவர்களே தருவார்கள், கணுக்கால் மூடும் கெட்டியான காலணி உங்களுடையது. தனியே ஏறவேண்டாம்: புதுப்பனி மூடிய பிளவு வெளியே தெரியாது.

வாட்னயோகுட்ல் பனியாற்றின் நீலப் பனிக்குகைகள் நவம்பர் முதல் மார்ச் வரைக்குரியவை. கோடையில் உருகும்நீர் அவற்றைத் தளர்த்திவிடும். 2024 ஆகஸ்டில் அங்கே பனி இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தார். கோடையில் குகை காட்டுகிறோம் என்பவர்களிடம் எந்தக் குகை, எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

வடதுருவ ஒளியை எப்படிப் பிடிப்பது?

குறைந்தது மூன்று இரவு கையில் இருக்கவேண்டும். ஒளி எவ்வளவு வலுவாக வரும் என்று காட்டும் கேபி குறியீடு 5, 6 என்று வரும்வரை காத்திருக்கவேண்டாம். ஐஸ்லாந்து ஒளிவளையத்துக்கு அடியிலேயே இருப்பதால் 2 அல்லது 3 போதும். தடையாவது மேகம்தான். வேதுர் தளத்தின் ஒளி முன்னறிவிப்பு வரைபடத்தில் பச்சை நிறம் மேகம், வெள்ளை நிறம் தெளிந்த வானம். பலர் பச்சையைப் பார்த்துவிட்டு ஒளி அங்கேதான் என்று வண்டியைக் கிளப்புகிறார்கள்!

கேமராவுக்கு முக்காலி, அகலத் திறப்பு, 1600 ஐஎஸ்ஓ, 5 முதல் 10 நொடி என்று தொடங்கி மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியின் இரவு முறையும் போதும், அசையாமல் ஏதாவது ஒன்றில் சாய்த்துவைத்தால்.

என்ன உடை எடுத்துப்போவது?

ஒரு தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு நல்லது. உடலை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாமல் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஜாக்கெட்டுக்குச் செலவழிப்பவர்கள் மழைக் கால்சட்டையை மறந்துவிடுகிறார்கள். செல்யாலண்ட்ஸ்ஃபோஸ் அருவிக்குப் பின்னால் ஒரு சுற்று நடந்தால் அது ஏன் என்று ஜீன்ஸ் சொல்லிவிடும். குடை எடுத்துப் போகாதீர்கள். ரேக்யவிக்கில் ஜூலை சராசரி 11–12 டிகிரி, ஜனவரியில் பூஜ்யத்தை ஒட்டி. எண்ணைப் பார்த்தால் சாதாரணம், காற்றோடு சேர்ந்தால் அப்படி இல்லை.

குளிர்காலத்தில் காலணிக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டை வாங்குங்கள், அங்கே பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். ஜூனில் தூங்கக் கண்மறைப்பு வேண்டும். மீவாட்ன் என்ற பெயருக்கே 'கொசு போன்ற சிறுபூச்சிகளின் ஏரி' என்று பொருள். கோடையில் அங்கே தலைக்கு வலை தேவைப்படும்.

பணம், கார்டு?

நாணயம் குரோனா. எங்கும் கார்டுதான், ரொக்கமே இல்லாமல் பயணத்தை முடிக்கலாம். இந்தியக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கவேண்டும். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் குரோனாவுக்குச் செலவழித்தால் மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம் போகும்.

ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் பின் எண் கட்டாயம். 'முழு டேங்க்' என்று அழுத்தினால் பெரிய தொகையைப் பிடித்துவைத்து, சில நாள் கழித்தே விடுவிக்கும். தொகையைக் குறிப்பிட்டுப் போடுங்கள். சில பங்குகள் இந்தியக் கார்டை ஏற்காது. கடையுள்ள நிலையத்தில் எரிபொருள் அட்டை ஒன்றை முன்கூட்டி வாங்கிவையுங்கள். கிழக்கிலும் வடக்கிலும் டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுவது வழக்கமாகட்டும்.

பல அருவிகளில் பார்க்க இலவசம், வண்டி நிறுத்தக் கட்டணம். கேமரா எண்ணைப் படிக்கும், செயலியிலோ இயந்திரத்திலோ கட்டவேண்டும். மறந்தால் வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து வசூலிக்கும். அகுரேரி அருகே வாத்லஹெய்தி சுரங்கப்பாதையும் அப்படித்தான், சாவடி கிடையாது, இணையத்தில் கட்டவேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா? அரிசி கொண்டுபோகலாமா?

ரேக்யவிக்கிலும் அகுரேரியிலும் சிக்கல் இல்லை, இந்திய உணவகங்களும் உண்டு. இடையிலுள்ள சிற்றூர்களில் பெட்ரோல் பங்கின் பர்கர், ஹாட் டாக், பொரித்த உருளைக்கிழங்குதான். உணவகத்தில் ஒரு முதன்மை உணவு 4,000 முதல் 6,000 குரோனா ஆகும். செலவு குறையச் சமையலறை உள்ள விருந்தினர் இல்லம் எடுத்து, போனுஸ், குரோனன் கடைகளில் காய்கறி வாங்குங்கள். அந்தக் கடைகள் ஊர்ப்புறங்களில் மாலையிலேயே மூடிவிடும். தலைக்கு 3 கிலோ வரை உணவுப்பொருள் கொண்டுபோகலாம். பச்சை இறைச்சி கூடாது. அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இருந்தால் பத்து நாள் ஓடிவிடும். தாளிக்கும்போது புகை எச்சரிக்கை மணி அடிக்கும், சன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். ஸ்கிர் என்ற கெட்டித் தயிர் எங்கும் கிடைக்கும், சிலவற்றில் பாலை உறையவைக்க விலங்கிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கலாம். கடும் சைவர்கள் உறையைப் பார்க்கவும்.

குழாய்நீர் நாறுகிறதே?

வெந்நீர்தான் நாறும். பல இடங்களில் அது நிலத்தடி வெப்ப நீர், கந்தக வாசனை வரும். குளிக்க நல்லது, குடிக்க வேண்டாம். வெள்ளிக் கொலுசைக் கழற்றிவிடுங்கள், கறுத்துவிடும். குளிர்ந்த குழாயைத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தால் அருமையான ஊற்றுநீர். பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண்.

பொதுக் குளத்தில் குளிக்க என்ன விதி?

நீச்சலுடை போடுமுன் சோப்புப் போட்டு உடையின்றிக் குளித்துவிட்டு வரவேண்டும். ஆண், பெண் அறைகள் தனித்தனி. குளங்களில் குளோரின் மிகக் குறைவு, அதனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கூச்சம் உள்ளவர்களுக்குப் பல குளங்களில் தடுப்பு வைத்த குளியலறை இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

வேனில் எங்கு வேண்டுமானாலும் தூங்கலாமா?

கூடாது. பதிவுபெற்ற முகாம் திடல்களில் மட்டும்.

ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லையே?

பகுதிகளாகப் பிரித்தால் எளிது. 'ஃபோஸ்' அருவி, 'விக்' சிறுகுடா, 'யோகுட்ல்' பனியாறு, 'வாட்ன்' ஏரி, 'ஹ்ரௌன்' குழம்பு இறுகிய வெளி, 'ஹெய்தி' மலைமேடு. இரட்டை 'எல்' வந்தால் 'ட்ல்' என்று ஒலிக்கும். வழிகாட்டிக் கருவியில் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், ஒரே பெயரில் பல இடங்கள் உண்டு. 2016-இல் ஓர் அமெரிக்கப் பயணி, ரேக்யவிக் தெரு ஒன்றின் பெயரில் ஓர் 'ஆர்' கூடிவிட்டதால், விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் சேரவேண்டியவர் ஐந்து மணி நேரத்துக்குமேல் ஓட்டி வடகோடியிலுள்ள சிக்லுஃபியோர்துர் போய்ச் சேர்ந்தார்.

அவசரம் என்றால்?

112. அந்தப் பெயரிலேயே ஒரு செயலி உண்டு, இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும், கிளம்புமுன் நிறுவிக்கொள்ளுங்கள். அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 1700. வண்டி பனியில் மாட்டினால் உள்ளேயே இருந்து அழையுங்கள், நடந்து உதவி தேடாதீர்கள். மீட்கவருவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள். மலைநாட்டுக்கு நடைப்பயணம் போவதானால் சேஃப்டிராவல் தளத்தில் உங்கள் திட்டத்தைப் பதிந்துவிட்டுப் போங்கள்.

திரும்பும் நாளில் கவனிக்க வேண்டியது?

கடைசி இரவை ரேக்யவிக்கிலோ கெஃப்லாவிக்கிலோ வையுங்கள். விக்கிலோ செல்ஃபோஸிலோ தங்கினால் நடுவில் ஹெட்லிஸ்ஹெய்தி மலைமேடு இருக்கிறது, குளிர்காலப் புயலில் அந்தச் சாலையை மூடுவார்கள். விமானம் உங்களுக்காக நிற்காது. பல வாடகை நிறுவனங்களின் வண்டிக் கூடம் விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும், அங்கிருந்து சிற்றுந்தில் வரவேண்டும். டேங்க் நிரப்பி, வண்டியை மறுபடி வீடியோ எடுத்து, சாவியைக் கொடுத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.